முன் வரிசையில் மூன்று பேர்

கராஜ் வாசல்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

சென்ற இதழில் இத்தாலியின் பலெர்மோ நகரில் கராஜ் வேலை பார்த்த நாட்களைப் பற்றி எழுதியபோது ஒரு பழைய படத்தையும் போட்டிருந்தேன். 2004ஆம் ஆண்டு, பெல்லெக்ரீனோ மலையில் சாந்தா றொசாலியா கோயிலுக்குப் போகும் வழி. மனைவி, மூன்று பிள்ளைகள், அம்மா, நான். வந்த கடிதங்களில் ஒருவர்கூட எங்களைப் பற்றிக் கேட்கவில்லை. எல்லாருக்கும் பின்னால் நின்ற காரில்தான் கண். சரி, இந்த மாதம் முழுக்க அதற்கே. பிரேக் கிரீச்சிடுவதைப் பற்றிக் கேட்ட நோர்வே நண்பர் ஒரு மாதம் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அண்ணை, அது என்ன கார்? முன்கண்ணாடிக்குக் கீழே இன்னொரு சோடிக் கண் இருக்கிறதே. அடிபட்டு எங்கேயாவது மலிவாகத் திருத்தியதா, கொம்பனியே அப்படிச் செய்ததா?
(ஹரோ, லண்டன்)

கொம்பனியே அப்படிச் செய்ததுதான், தம்பி. ஃபியட் மல்டிப்ளா, 1.9 ஜேடிடி டீசல். 1998இல் பாரிஸ் கார் கண்காட்சியில் வெளியிட்டார்கள். டூரினில் உள்ள மிராஃபியோரி தொழிற்சாலையில் செய்தது. வடிவமைத்தவர் றொபேர்ட்டோ ஜொலீட்டோ. 2007இல் வந்த அழகான குட்டி ஃபியட் 500 கூட அவர் கைவண்ணம்தான். ஆகவே மனிதருக்கு அழகு தெரியாது என்று சொல்ல வழியில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் ஐரோப்பாவில் எல்லாருக்கும் உயரமான குடும்பக் கார் ஆசை வந்தது. 1996இல் றெனோ செனிக் வந்து அந்த ஆசைக்கு ஒரு அளவு வைத்தது. ஆனால் அதில் ஐந்து பேர்தான் இருக்கலாம். ஆறாவது ஆளை ஏற்ற வேண்டுமென்றால் மற்றக் கொம்பனிகள் செய்தது மூன்றாவது வரிசை ஒன்றைப் பின்னால் செருகுவது. அதில் இருப்பவருக்கு முழங்கால் நாடியில் முட்டும், பெட்டி வைக்கவும் இடமிருக்காது. ஜொலீட்டோ காரை நீட்டவில்லை, அகட்டினார். முன்னால் மூன்று, பின்னால் மூன்று. ஆறு பேரும் ஏறிய பிறகும் பின்னால் 430 லீற்றர் இடம் மிச்சம். இத்தனைக்கும் கார் நான்கு மீற்றர்கூட இல்லை, 3.99தான். அந்தக் காலத்து கோல்ஃப் 4.15 மீற்றர் என்பதை நினைத்துப் பாருங்கள். அகலம் மட்டும் 1.87. அன்றைய பிஎம்டபிள்யூ 5 சீரிஸைவிட ஏழு சென்ரிமீற்றர் கூட!

முகத்தைப் பற்றிய என் விளக்கம் இது. அடித்தளம் ஃபியட் பிராவோ, பிராவா வழி வந்தது. அதன் மேல், மூன்று பேர் தோளோடு தோள் உரசாமல் இருக்கிற அளவுக்கு அகலமும் உயரமுமாக ஒரு கண்ணாடி அறையைக் கட்டினார்கள். தாழ்ந்த மூக்கும் உயர்ந்த அறையும் சந்திக்கிற இடத்தில் ஒரு மடிப்பு விழுந்தது. வேறு யாராவது என்றால் தகட்டை இழுத்து வழித்து மறைத்திருப்பார்கள். ஜொலீட்டோ அதை மறைக்கவில்லை. மேலே ஒரு சோடி விளக்கையும் வைத்து "இந்தா பார்" என்று விட்டுவிட்டார். நீங்கள் பார்த்த அந்த இரண்டாவது கண்கள் தூர வெளிச்சத்துக்கானவை.

உங்கள் நாட்டில் விற்ற கார்களின் பின்கண்ணாடியில் "முன்பக்கத்தைப் பார்க்கும்வரை பொறுங்கள்" என்ற அர்த்தத்தில் ஸ்டிக்கர் ஒட்டி விட்டார்கள். தன் மூஞ்சியைத் தானே பகிடி பண்ணி விற்ற கொம்பனியை நான் வேறு கண்டதில்லை.

பெயர் பழையது. 1956இல் தாந்தே ஜகோசா என்ற பெரிய பொறியியலாளர் ஃபியட் 600 மல்டிப்ளா என்று ஒன்று செய்திருந்தார். 3.53 மீற்றர் நீளம், பின்னால் எஞ்சின், ஆறு பேர். றோமில் டாக்சியாக ஓடியது அதுதான். என் கராஜ் முதலாளிக்கு அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் மத்தியானச் சாப்பாடு மறந்துவிடும்.

இனி, நான் ஏன் வாங்கினேன் என்ற கதை. 2002இல் சமாதான காலம். ஏ9 பாதை திறந்தது. அம்மாவை யாழ்ப்பாணத்திலிருந்து கூப்பிட்டோம். அவ வந்து இறங்கிய நாளோடு நாங்கள் ஆறு பேர் ஆனோம், கையில் இருந்ததோ ஃபியட் ஊனோ. பின்சீட்டில் அம்மாவும் மூன்று பிள்ளைகளும். கடைசிப் பிள்ளை அம்மாவின் மடியில். ஒரு நாள் பொலிஸ் மறித்தது. குனிந்து உள்ளே பார்த்தவர் விரல் விட்டு எண்ணினார், பிறகு இன்னொரு தரம் எண்ணினார். தண்டம் கட்டினேன். பிழை என்னுடையதுதான், வாதாட ஒன்றுமில்லை.

அடுத்த கிழமை கராஜுக்கு ஒரு குழாய் வேலைக்காரர் தன் மல்டிப்ளாவைக் கொண்டுவந்தார். 1999ஆம் ஆண்டுக் கார், கடும் நீலம். மனைவி அதில் ஏறமாட்டேன் என்று சொல்லிவிட்டாளாம், விற்கப் போகிறாராம். விலை பாதியாக இருந்தது. வடிவு குறைந்த காரை வாங்குவதில் இது ஒரு பெரிய வசதி.

வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்தினேன். என் மனைவி பல்கனியிலிருந்து பார்த்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி: "இதென்ன, தவளை மாதிரி முழிக்குது? இதிலை ஏறியே கோயிலுக்குப் போறது?" அம்மாதான் இறங்கி வந்து கதவைத் திறந்து உள்ளே பார்த்தா. முன்னால் நடுச்சீட்டில் ஏறி இருந்து சேலையைச் சரி செய்துகொண்டு, "எனக்கு இந்த இடம் காணும்" என்றா. அதற்குப் பிறகு பன்னிரண்டு வருடம் அந்த இடத்தை ஒருவருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை.

முன்னால் நடுவில் இருப்பவருக்கு கியர் முழங்காலில் இடிக்காதா? என் மாமியாரைப் பின்னால் தனியாக ஏற்றினால் தலைசுற்று, சத்தி என்கிறா. அதனால் கேட்கிறேன்.
(சூரிச்)

இடிக்காது, தங்கச்சி. கியர் தடியை டாஷ்போர்டில் வைத்திருக்கிறார்கள். ஹாண்ட்பிரேக் ஓட்டுபவரின் சீட்டுக்கும் கதவுக்கும் நடுவில். வேக முள், எண்ணெய் முள் எல்லாம் டாஷ்போர்டின் நடுவே குவிந்து கிடக்கும். ஆகவே நடுவில் கால் வைக்கிற இடம் தட்டையாகக் காலியாக இருக்கும். ஆறு பேருக்கும் ஆறு தனித்தனி சீட், தோளையும் பிடிக்கிற பெல்ட். ஆள் இல்லாதபோது நடுச்சீட்டின் முதுகை மடித்தால் மேசை. எங்கள் வீட்டில் அது மேசையான சந்தர்ப்பம் மிகக் குறைவு.

மாமியாரின் தலைசுற்று விஷயத்தில் நான் வைத்தியர் இல்லை. என் அம்மாவைப் பற்றி மட்டும் சொல்லலாம். ஊரில் பஸ்ஸில் பருத்தித்துறைக்குப் போவதற்கே தேசிக்காய் மணந்துகொண்டு போனவ, பெல்லெக்ரீனோ மலையின் வளைவுகளில் ஒரு நாளும் சத்தி எடுக்கவில்லை. கண்ணாடி அவ்வளவு தாழ்வாகத் தொடங்கும். றோட்டு, கடல், துறைமுகம் எல்லாம் கண் முன்னால். அதோடு பின்னால் தள்ளி வைக்கப்பட்ட ஆள் மாதிரி இல்லாமல் மகனுக்கும் மருமகளுக்கும் நடுவில் இருந்து பேச்சுக் கொடுக்கலாம். அந்த இடத்திலிருந்து இரண்டு பேரோடும் சண்டையும் பிடிக்கலாம் என்பதை உங்களுக்கு முன்கூட்டியே சொல்லி வைக்கிறேன்.

சார், 'ஜேடிடி' என்று ஒரு வார்த்தை எழுதியிருந்தீர்கள். எங்கள் ஊரில் ஓடுகிற ஸ்விஃப்ட் டீசலில் இருப்பது ஃபியட் எஞ்சின் என்று மெக்கானிக்குகள் சொல்வார்கள். இரண்டுக்கும் சொந்தம் உண்டா?
(கோயம்புத்தூர்)

உண்டு சார். பெரியப்பா, சித்தப்பா பிள்ளைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய டீசலில் ஒரு பம்ப் இருக்கும். ஒவ்வொரு சிலிண்டருக்கும் முறை வரும்போது அது டீசலை அழுத்தி அனுப்பும். எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போது அழுத்தமும் குறைவு. அதனால்தான் அந்தக் காலத்து டீசல் கார் சிக்னலில் நின்றால் அம்மி உருட்டுகிற மாதிரிச் சத்தம், கிளம்பினால் கரும்புகை.

ஜேடிடி என்பது ஃபியட் தன் 'காமன் ரெயில்' வகை டீசல் எஞ்சினுக்கு வைத்த பெயர். காமன் ரெயில் என்பதன் யோசனை நம் வீட்டுத் தண்ணீர்த் தொட்டி யோசனைதான். எல்லா சிலிண்டருக்கும் பொதுவாகத் தடித்த குழாய் ஒன்று. பம்பின் வேலை அந்தக் குழாயை எந்நேரமும் உயர் அழுத்தத்தில் நிரப்பி வைப்பது மட்டும். எப்போது, எவ்வளவு தெளிப்பது என்பதைக் கம்ப்யூட்டர் தீர்மானித்து இன்ஜெக்டரைத் திறந்து மூடும். முதல் தலைமுறையில் அந்தக் குழாயின் அழுத்தம் 1,350 பார் வரை. உங்கள் கார் டயரில் இருப்பது இரண்டேகால் பார் அளவு. ஓடும் எஞ்சினில் அந்தக் குழாய் கசிகிறதா என்று விரலை வைத்துப் பார்க்கப் போகிற பையன்களை நான் கையில் தட்டித்தான் நிறுத்தியிருக்கிறேன். தோலைக் கிழித்துக்கொண்டு டீசல் உள்ளே போய்விடும். விளையாட்டில்லை.

இந்த அழுத்தம் இருப்பதால் கம்ப்யூட்டர் இன்னொரு வேலையும் செய்யும். பெரிய தெளிப்புக்குச் சற்று முன்னால் ஒரு சொட்டை விட்டுக் கொளுத்தி, அறையைச் சூடாக்கி வைக்கும். பிறகு விழுகிற டீசல் 'டம்' என்று வெடிக்காமல் நிதானமாக எரியும். அம்மிச் சத்தம் அடங்கியது இப்படித்தான்.

காருக்கு ஏற்ற வகையில் இதை வளர்த்தெடுத்தவர்கள் ஃபியட் குழுமத்து ஆராய்ச்சிக்காரர்களும் மக்னெட்டி மரெல்லியும். பெருமளவில் தயாரிக்கிற நிலை வந்தபோது உரிமை ஜெர்மனியின் பொஷ் கைக்குப் போனது. 1997இல் அல்ஃபா றோமியோ 156 ஜேடிடி வந்தது. இந்த வகை டீசல் எஞ்சினோடு விற்பனைக்கு வந்த முதல் பயணிகள் கார் அதுதான். கண்டுபிடித்த வீட்டார் ஏன் கைமாற்றிக் கொடுத்தார்கள் என்று இத்தாலிய மெக்கானிக்குகள் இன்றைக்கும் தேநீர்க் கடையில், மன்னிக்கவும், காப்பிக் கடையில் சண்டை பிடிப்பார்கள்.

என் மல்டிப்ளாவில் இருந்தது அந்த வழியில் வந்த 1,910 சிசி எஞ்சின், 105 குதிரைத் திறன். எண்ணைவிட முக்கியம், அதன் 200 நியூட்டன் மீற்றர் முறுக்குவிசை நிமிடத்துக்கு 1,500 சுற்றிலேயே கிடைத்துவிடும். ஆறு பேர், ஐஸ்பெட்டி, அம்மா கட்டி வந்த புளிச்சாதம் எல்லாவற்றோடும் மலை ஏறும்போது மூன்றாம் கியரிலேயே போகலாம். 1.6 பெற்றோல் மாடலும் உண்டு, 103 குதிரை. ஆனால் அதைச் சுற்ற வைத்தால்தான் இழுக்கும். இந்த உடம்புக்கு டீசல்தான் பொருத்தம் என்பது என் கட்சி. மீதேன் வாயுவில் ஓடுகிற மல்டிப்ளாவும் இருந்தது. சிலிண்டர்களைத் தரைக்கு அடியில் ஒளித்திருந்தார்கள். வீட்டுக்குப் பக்கத்தில் மீதேன் நிலையம் இருந்தவர்களுக்கு அது நல்ல கார்.

உங்கள் ஸ்விஃப்டுக்கு வருவோம். காமன் ரெயிலின் அடுத்த படிதான் மல்டிஜெட். ஒரே சுற்றில் இன்னும் பல தடவை சிறிது சிறிதாகத் தெளிப்பது. 1.3 லிட்டர் மல்டிஜெட் 2003இல் ஐரோப்பாவில் வந்தது. அதை உரிமம் பெற்று மாருதி 2007இல் ஸ்விஃப்டில் போட்டது. டாடா வண்டிகள் சிலவற்றிலும் அதே எஞ்சின்தான் இருந்தது. உங்கள் ஊர் மெக்கானிக் சரியாகச் சொல்லியிருக்கிறார். என் நன்றியையும் அவருக்குச் சொல்லுங்கள்.

மாமா, எங்கள் அப்பாவிடமும் மல்டிப்ளா இருக்கிறது. ஆனால் உங்கள் படத்தில் இருப்பது மாதிரி இல்லை, சாதாரண முகம். அது வேறு காரா?
(ரெஜ்ஜோ எமிலியா, வயது 13)

அதே கார்தான் பிள்ளை. 2004இல் முகத்தை மாற்றிவிட்டார்கள். மடிப்பை எடுத்து, விளக்குகளைக் கீழே இறக்கி, மற்றக் கார்கள் மாதிரி ஆக்கிவிட்டார்கள். உள்ளே மூன்றும் மூன்றும் அப்படியே இருக்கும். 2010 வரை செய்தார்கள். பள்ளிக்கூடத்தில் யாராவது சிரித்தால், பழைய முகத்து மல்டிப்ளாவை 1999இல் நியூயோர்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் வைத்தார்கள் என்று சொல்லு. உன் அப்பாவுடையது அந்த முகம் இல்லை என்பதை நீயாகச் சொல்லத் தேவையில்லை.

அண்ணை, பாரிஸுக்கு வெளியே 2000ஆம் ஆண்டு மல்டிப்ளா டீசல் ஒன்று 1,200 யூரோவுக்குக் கிடக்கிறது. வாங்கலாமா? மனைவி வேண்டாம் என்கிறா.
(லா கூர்நேவ்)

உங்கள் வீட்டில் எத்தனை பேர் என்று எழுதவில்லை. நான்கு பேர் என்றால் மனைவி சொல்வதைக் கேளுங்கள். ஆறு பேர் என்றால் தொடர்ந்து வாசியுங்கள்.

முதலில் பத்திரம். கார்ட் கிரீஸில், அதாவது காரின் பதிவுப் பத்திரத்தில், வி.9 என்ற கட்டத்தைப் பாருங்கள். கார் எந்தப் புகைத் தரத்தைச் சேர்ந்தது என்று அதில் இருக்கும். இந்த வயது டீசல் யூரோ 2 அல்லது 3 ஆக இருக்கும். பிரான்சில் புகை அளவைக் காட்டக் கண்ணாடியில் ஒட்டுகிற கிரித்தேர் ஸ்டிக்கர் கணக்கில் முறையே 5, 4. புகைக் கட்டுப்பாடு வைக்கிற நகரங்களில் முதலில் கதவு சாத்தப்படுவது இந்த எண்களுக்குத்தான். வேலைக்கு நகருக்குள் போகிறவர் என்றால் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். லண்டன் வாசகர்களும் கவனியுங்கள்: 2023 ஆகஸ்டிலிருந்து லண்டன் முழுதும் யூலெஸ் வலயம், அதாவது புகை கூடிய வண்டிகளுக்குக் கட்டணம் வாங்குகிற வலயம். இந்தக் கார் வாசலை விட்டு வெளியே வந்தாலே நாளுக்கு 12.50 பவுண். ஒரு மாதம் தினமும் ஓடினால் காரின் விலையில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும்.

அதைத் தாண்டினால் எஞ்சினுக்கு வாருங்கள். டைமிங் பெல்ட் எப்போது மாற்றினார்கள்? பில் இருக்கிறதா? "போன வருடம்தான் மாற்றினேன்" என்று வாயால் சொல்வது பில் ஆகாது. இந்த எஞ்சினில் பெல்ட் அறுந்தால் பிஸ்டனும் வால்வும் முட்டிக்கொள்ளும், செலவு காரின் விலையைத் தாண்டும். ஓடினாலும் ஓடாவிட்டாலும் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மாற்று, கூடவே தண்ணீர் பம்பையும் மாற்று என்பது என் சட்டம். கராஜுக்கு வந்த ஒரு பாதிரியார் ஒவ்வொரு முறையும் "கடவுள் பார்த்துக்கொள்வார், அடுத்த மாதம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். கடைசியில் அவரை இழுவை வண்டியில்தான் கூட்டி வந்தோம். நல்ல மனிதர். முழுப் பில்லையும் ஒரு முணுமுணுப்பு இல்லாமல் கட்டினார்.

பிறகு, எஞ்சின் முழுக்கக் குளிர்ந்திருக்கும்போது போய் ஸ்டார்ட் பண்ணுங்கள். விற்பவர் முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால் சந்தேகப்படுங்கள். இழுத்து இழுத்துப் பிடித்தால் கோளாறு க்ளோ பிளக்கில், குளிர்ந்த எஞ்சின் பிடிக்கச் சூடு கொடுக்கிற பாகம் அது. ஓட்டும்போது சோம்பேறி மாதிரி இழுக்காவிட்டால் உடனே டேர்போ போய்விட்டது என்று அழ வேண்டாம். காற்றை அளக்கிற சென்சரையும் புகையில் கொஞ்சத்தைத் திரும்ப எஞ்சினுக்குள் விடுகிற, கரி பிடித்த ஈஜிஆர் வால்வையும் முதலில் பாருங்கள். பெரும்பாலும் அங்கேதான் கோளாறு. கம்பளத்தைத் தூக்கித் தரையைப் பாருங்கள். பின்சீட் மூன்றையும் கழற்றி மாட்டிப் பாருங்கள், கொளுக்கி துருப்பிடித்திருந்தால் தெரியும்.

கடைசியாக, அகலம். ஒரு ஞாயிற்றுக்கிழமை பல்லறோ சந்தைக்குப் பின்னால் ஒரு சந்தில் ஊனோ போன ஞாபகத்தில் இதை விட்டேன். கார் முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை, கதவைத் திறக்கவும் இடமில்லை. ஒரு கிழவி மேல்மாடியிலிருந்து கூடை ஒன்றைக் கயிற்றில் இறக்கினா. அதில் சவர்க்காரம் கரைத்த தண்ணீர் போத்தல்! கண்ணாடிக் கைகளுக்கு அதைப் பூசி, அங்குலம் அங்குலமாக ஊர்ந்துதான் வெளியே வந்தேன். அம்மா நடுச்சீட்டில் கந்தசஷ்டி கவசம் சொல்லிக்கொண்டிருந்தா. நீங்கள் வண்டி நிறுத்துகிற இடத்தை நாடா பிடித்து அளந்துவிட்டுக் காசைக் கொடுங்கள்.

கனடாவில் இதைக் கண்டதே இல்லை. கொண்டுவரலாமா?
(ஸ்கார்பரோ)

வட அமெரிக்காவில் விற்கவில்லை, அதனால் காணவில்லை. 15 வருடம் கடந்த கார்களைக் கனடாவுக்குள் இறக்க வழி இருக்கிறது. கப்பல் கூலி காரின் விலையைவிடக் கூட வரும். உதிரிப்பாகத்துக்கு டூரினுக்கு எழுதிக்கொண்டிருக்க வேண்டும். பைத்தியம் இருந்தால் செய்யுங்கள், எனக்குப் படம் அனுப்புங்கள்.

உங்கள் கார் இப்போது எங்கே?
(பேர்கன், பலெர்மோ, யாழ்ப்பாணம் என்று மூன்று பேர்)

2015 தையில் அம்மா போனா. அதற்குப் பிறகு நடுச்சீட்டை மடித்து மேசையாக்கிப் பார்த்தேன். மகள் அதன் மேல் தன் பையை ஒரு தரம் வைத்தாள், பிறகு எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அந்த வருடக் கோடையில் துனீசியாக்காரர் ஒருவருக்கு விற்றேன். மீற்றர் 2,87,000 காட்டியது. பெட்டிகள் ஏற்ற இடம் வேண்டும், பின்சீட் தேவையில்லை என்று கழற்றித் தந்துவிட்டு, துறைமுகத்தில் துனிஸ் கப்பலுக்குள் ஓட்டிக்கொண்டு போனார். மடிப்பு முகம் கடைசியாகத் திரும்பிப் பார்த்தது என்றெல்லாம் எழுத மாட்டேன், அவர் நேரே முன்னால் பார்த்துக்கொண்டுதான் ஏற்றினார்.

அந்த மூன்று சீட்டில் ஒன்றை மச்சான் மீன்பிடிக்கப் போகும்போது வைத்து இருக்க எடுத்துக்கொண்டார். மற்ற இரண்டும் என் பல்கனியில். இதை எழுதுவது அதில் ஒன்றில் இருந்துதான், மற்றதில் பூனை படுத்திருக்கிறது.